பன்னிரண்டு அடி அகலம்: எல்லை தாண்டிச் செல்லும் மாற்றுத்திறனாளிக் குடும்பங்களுக்கான பார்க்கிங் வழிகாட்டி

என் கணவர் 2022-இல் பலாமரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டார். அன்றிலிருந்து சக்கர நாற்காலிதான். எங்கள் வீடு களியக்காவிளைக்கு அருகில் இருக்கிறது. நாகர்கோவிலைவிடத் திருவனந்தபுரம் கிட்டே என்பதால் பெரிய மருத்துவத்துக்கெல்லாம் பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் வழியாக வடக்கேதான் போகிறோம். காரை நான் ஓட்டுகிறேன். முதல் ஒன்றரை ஆண்டில், சக்கர நாற்காலிப் படம் வரைந்த பார்க்கிங் இடம் எங்களுக்குக் கிடைத்தது இரண்டே முறை. மற்ற நாட்களில் அங்கே யாரோ ஒருவரின் கார் நின்றது, அல்லது பைக் வரிசை நின்றது, ஒருமுறை ஜெனரேட்டருக்கான டீசல் பீப்பாய்கள் நின்றன.

அந்த இடத்தை முறையாகப் பெறுவதற்கு என்ன வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒவ்வொன்றாக இடறித்தான் தெரிந்துகொண்டேன். புதிதாக இந்த நிலைக்கு வந்திருக்கும் குடும்பங்கள் அந்த ஒன்றரை ஆண்டை வீணாக்க வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். குமரி மாவட்டத்தை மனத்தில் வைத்து எழுதினாலும், செங்கோட்டை, கம்பம், பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கேரளத்துக்குப் போகிறவர்களுக்கும் இதே வழிதான்.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். அந்த இடம் வாசலுக்குப் பக்கத்தில் இருப்பது பாதிச் சலுகைதான். மீதிப் பாதி அதன் அகலம். சாதாரணக் கார் இடம் சுமார் 2.5 மீட்டர் அகலம். மாற்றுத்திறனாளிக்கான இடம் 3.6 மீட்டர், அதாவது ஏறக்குறைய பன்னிரண்டு அடி. கதவை முழுவதும் திறந்து, நாற்காலியை இருக்கைக்கு ஒட்டி நிறுத்தி, பலகை வைத்து ஆளை நகர்த்துவதற்குத்தான் அந்தக் கூடுதல் அகலம். "பத்தடி தள்ளி நிறுத்தினால் என்ன?" என்று கேட்பவருக்கு இது தெரியாது. தூரத்தை நாற்காலியைத் தள்ளிக் கடந்துவிடலாம். கதவு திறக்காவிட்டால் ஆள் வண்டியைவிட்டே இறங்க முடியாது.

1. முதலில் யுடிஐடி அட்டை

யுடிஐடி என்பது மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் தனித்துவ அடையாள அட்டை. வேறு எதற்கும் முன்னால் இதை முடியுங்கள். நடுவண் அரசின் ஸ்வாவலம்பன் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. தமிழ்நாட்டில் இ-சேவை மையத்திலும் கேரளத்தில் அட்சயா மையத்திலும் பதிவு செய்து தருவார்கள். அவர்களுடைய சேவைக் கட்டணம், நகல், ஸ்கேன் செலவு மட்டும் உண்டு. இதற்கு மேல் "அட்டை வாங்கித் தருகிறேன்" என்று ஆயிரக்கணக்கில் கேட்பவர் இடைத்தரகர். கொடுக்காதீர்கள்.

கையோடு வைத்திருக்க வேண்டியவை: ஆதார், முகவரிச் சான்று, ஆறு மாதத்துக்குள் எடுத்த புகைப்படம், கையெழுத்து அல்லது பெருவிரல் ரேகை, ஓ.டி.பி. வந்து சேரும் கைப்பேசி எண். மருத்துவப் பரிசோதனை நாளன்று டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ. படங்கள் என எல்லாவற்றின் அசலையும் கொண்டுபோங்கள். நாங்கள் முதல்முறை படங்களை மட்டும் எடுத்துக்கொண்டு டிஸ்சார்ஜ் சம்மரியை வீட்டில் வைத்துவிட்டுப் போனோம். அடுத்த அழைப்பு வர ஏழு வாரம் ஆயிற்று.

விண்ணப்பிக்கும்போது மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் மருத்துவ ஆணையத்தையோ, சிகிச்சை பெறும் அரசு மருத்துவமனையையோ குறிப்பிடலாம். கேரளத்தில் தனியார் மருத்துவமனையில் சிகிச்சை பெறும் குமரிக்காரர்கள் அந்த மருத்துவமனையின் பெயரைத் தேடிக் குழம்ப வேண்டாம். நம் மாவட்டத்தையே தேர்ந்தெடுங்கள். சிகிச்சைக் காகிதங்கள் எந்த மாநிலத்தவையாக இருந்தாலும் பரிசோதிக்கும் மருத்துவரிடம் காட்டலாம்.

இங்கே மூன்று பொறிகள் இருக்கின்றன.

பெயர். ஆதாரில் உள்ள எழுத்துக்கூட்டலே எல்லாக் காகிதத்திலும் இருக்க வேண்டும். எல்லைப் பகுதியில் இது பெருந்தொல்லை. மலையாள மருத்துவமனையில் ஒரு விதமாகவும் தமிழ்நாட்டு ஆதாரில் வேறு விதமாகவும் பெயர் எழுதப்பட்டிருக்கும். மருத்துவமனைப் பதிவேட்டில் திருத்துவது ஆதாரைத் திருத்துவதைவிட எளிது. அங்கே முதலில் கேளுங்கள்.

சதவீதம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை மாற்றுத்திறன்களை ஏற்கிறது. ஆனால் பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். அட்டையின் நிறத்திலேயே இது தெரிந்துவிடும். 40-க்குக் கீழ் வெள்ளை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், 80-உம் அதற்கு மேலும் நீலம்.

காலம். பரிசோதித்துச் சான்றிதழ் வழங்க விதிகள் தரும் காலம் மூன்று மாதம். எங்களுக்கு, வீணாய்ப்போன அந்த ஒரு நாளையும் சேர்த்து, நான்கு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அட்டை அஞ்சலில் வரும்வரை காத்திருக்காமல், ஒப்புதல் கிடைத்ததும் இணையத்திலிருந்து மின் அட்டையைப் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். தற்காலிகச் சான்றிதழ் கொடுத்திருந்தால் அது முடியும் தேதியை நாள்காட்டியில் குறித்து, அதற்கு மூன்று நான்கு மாதம் முன்பே புதுப்பிக்கத் தொடங்குங்கள்.

எல்லைக்காரர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி: தமிழ்நாட்டில் வாங்கிய அட்டை கேரளத்தில் செல்லுமா? செல்லும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 58, இந்தச் சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும் என்று தெளிவாகச் சொல்கிறது. பிரிவு எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். "இது தமிழ்நாட்டு அட்டை" என்று ஒரு காவலாளி எங்களைத் திருப்பியனுப்பியபோது எனக்கு அது தெரிந்திருக்கவில்லை.

2. வண்டியில் என்ன வைக்க வேண்டும்

நாடு முழுவதும் செல்லக்கூடிய தனி பார்க்கிங் அட்டை என்று ஒன்று நம்மிடம் இல்லை. அதனால் யுடிஐடி அட்டையே சான்று. அதை வண்ண நகல் எடுத்து லேமினேட் செய்து, முன்கண்ணாடியின் உட்புறம் ஓட்டுநர் பக்கம் தெரியும்படி வையுங்கள். முன்பக்கம் மட்டும் போதும். முகவரி உள்ள பக்கத்தை ஊருக்குக் காட்ட வேண்டியதில்லை. அசல் அட்டை எப்போதும் அந்த நபரின் சட்டைப்பையிலேயே இருக்கட்டும், வண்டியில் இருக்கக் கூடாது.

நீலப் பின்னணியில் சக்கர நாற்காலி வரைந்த ஸ்டிக்கர் எந்த ஸ்டிக்கர் கடையிலும் கிடைக்கிறது. ஒட்டிக்கொள்ளுங்கள், காவலாளி தூரத்திலிருந்தே கண்டுகொள்வார். ஆனால் ஸ்டிக்கர் எந்த உரிமையையும் தராது. அது யாருக்கும் கிடைக்கும் என்பதால்தான் பல இடங்களில் இப்போது அட்டையைக் கேட்கிறார்கள். கேட்பது நல்லது. கேட்டால் கோபப்படாதீர்கள், நமக்காகத்தான் கேட்கிறார்கள்.

புது வண்டி வாங்குவதாக இருந்தால், பதிவுப் படிவத்தில் உரிமையாளர் வகை என்ற இடத்தில் மாற்றுத்திறனாளி என்று குறிக்கச் சொல்லுங்கள். 2020 அக்டோபரில் படிவம் 20-இல் இந்த வகை சேர்க்கப்பட்டது. இந்தியில் 'திவ்யாங்ஜன்' என்று இருக்கும். வண்டி அந்த நபரின் பெயரில் இருந்தால்தான் இது பொருந்தும். எங்கள் கார் என் பெயரில் இருக்கிறது. அதனால் ஆர்.சி. புத்தகம் எங்களுக்கு உதவாது, அட்டை மட்டுமே துணை.

இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பைக் வரிசையில் உங்கள் வண்டி அடங்காது. நடுவில் செருகினால் பக்கத்து வண்டியை எடுப்பவர் உங்கள் வண்டியை இழுத்துத் தள்ளிவிட்டுப் போவார். எங்கள் தெருவில் ஒருவருக்கு மார்த்தாண்டத்தில் இப்படித்தான் பின்சக்கரக் கம்பி வளைந்தது. ஒதுக்கப்பட்ட இடம் காருக்கு மட்டும் என்று எங்கும் எழுதவில்லை. தயங்காமல் கேளுங்கள்.

3. கிளம்பும் முன் ஒரு தொலைபேசி

இதை மட்டும் செய்தாலே பாதித் தொல்லை தீரும். மருத்துவமனையோ திருமண மண்டபமோ, முந்தைய நாள் அழைத்து மூன்று கேள்வி கேளுங்கள். மாற்றுத்திறனாளி பார்க்கிங் எந்த வாசல் பக்கம்? அங்கிருந்து சாய்தளம் எந்த வழியில்? காவலாளியின் பணி நேரத்தில் யாரிடம் சொல்ல வேண்டும்?

கேரளத்தில் 'மாற்றுத்திறனாளி' என்றால் புரியாது. அங்கே 'பின்னசேஷி' என்பார்கள். 'பின்னசேஷிக்காருடெ பார்க்கிங்' என்று கேளுங்கள். பலகையிலும் மலையாளத்தில் அப்படித்தான் எழுதியிருக்கும். மலையாளம் படிக்கத் தெரியாதவர்கள் நீலப் படத்தைத் தேடினால் போதும்.

வெளிநோயாளிப் பிரிவு உள்ள இடத்துக்குக் காலை எட்டு மணிக்கு முன் போய்ச் சேர்ந்தால் இடம் கிடைக்கும். ஒன்பதரைக்கு மேல் கிடைத்ததே இல்லை. பார்க்கிங் கட்டணம் இந்த இடத்துக்கு இலவசம் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். சில இடங்களில் வாங்குகிறார்கள், சில இடங்களில் அட்டையைப் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். எப்படியானாலும் ரசீது வாங்கி வையுங்கள். நேரம் அச்சிட்ட ரசீது பின்னால் புகார் கொடுக்கும்போது மிகவும் உதவும்.

4. நிறுத்தும் விதம்

இடம் கிடைத்தவுடன் அவசரமாக உள்ளே விடாதீர்கள். மஞ்சள் அல்லது வெள்ளைச் சாய்கோடுகள் போட்ட பட்டை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். நாற்காலி இறங்கும் இடம் அதுதான், சுமார் 1.2 மீட்டர் இருக்க வேண்டும். நம் ஊர்க் காரில் முன்னிருக்கைப் பயணி இடப்பக்கம் அமர்கிறார். பட்டை வலப்பக்கம் இருந்தால் பின்புறமாக உள்ளே விடுங்கள், இடப்பக்கத்துக் கதவு பட்டையை நோக்கி வந்துவிடும். இந்த எளிய வித்தை எனக்கு ஆறு மாதம் கழித்துத்தான் பிடிபட்டது. அதுவரை கணவரைச் சாலையில் இறக்கிவிட்டு, அவரைத் தனியே வெயிலில் உட்காரவைத்து, இடம் தேடிப் போய்க்கொண்டிருந்தேன்.

தரை சரிவாக இருந்தால் அந்த இடம் வேண்டாம். ஆளை நகர்த்தும்போது நாற்காலியின் பிரேக் நழுவும். படம் வரைந்திருக்கிறார்கள் என்பதற்காக ஆபத்தில் இறங்கக் கூடாது. அதையும் புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

5. நம் இடத்தில் வேறு வண்டி நின்றால்

முதலில் சண்டை போடாதீர்கள். இதை நான் கோழைத்தனத்தால் சொல்லவில்லை. நோயாளியை வண்டியில் வைத்துக்கொண்டு நீங்கள் செலவிடும் ஒவ்வொரு நிமிடமும் அவருடைய உடம்பிலிருந்துதான் போகிறது.

அந்த வண்டிக்குள் யாராவது இருந்தால், "வண்டி ஒன்னு மாற்றித் தருமோ?" (வண்டியைக் கொஞ்சம் மாற்றி நிறுத்துவீர்களா?) என்று மலையாளத்தில் கேளுங்கள். பாதிப் பேர் வெட்கப்பட்டு எடுத்துவிடுவார்கள். மீதிப் பேர் "ஐந்தே நிமிடம்" என்பார்கள். அந்த ஐந்து நிமிடத்துக்குக் காத்திருக்காமல் காவலாளியிடம் போங்கள். வண்டி எண்ணைச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவிக்கச் சொல்லுங்கள். பெரிய மருத்துவமனைகளில் இந்த வசதி இருக்கிறது, கேட்டால் செய்கிறார்கள்.

அதற்குள் மூன்று புகைப்படம் எடுங்கள்: வண்டி எண்ணும் தரையில் உள்ள படமும் சேர்ந்து தெரிவது, கண்ணாடியில் அட்டை எதுவும் இல்லை என்பது, பலகையும் கட்டடத்தின் வாசலும் தெரிவது. மனிதர்களின் முகத்தை எடுக்காதீர்கள், சமூக ஊடகத்திலும் போடாதீர்கள். டயரின் காற்றைப் பிடுங்குவது, குறுக்கே நம் வண்டியை நிறுத்தி அடைப்பது இரண்டும் நம்மையே குற்றவாளி ஆக்கிவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஒருவர் நடந்து வருகிறார் என்பதற்காக அவர் அந்த இடத்தைத் திருடினார் என்று முடிவு செய்யாதீர்கள். சட்டம் சொல்லும் 21 வகையில் ஹீமோபிலியா, தலசீமியா, அரிவாள் செல் நோய், பார்கின்சன் நோய் எல்லாம் இருக்கின்றன. காலையில் நடப்பவர் மாலையில் நடக்க முடியாமல் போகலாம். "அட்டை இருக்கிறதா?" என்று கேட்பதற்கு மேல் நமக்கு உரிமை இல்லை.

பொதுச் சாலையோர பார்க்கிங் என்றால் 112-ஐ அழைத்துப் போக்குவரத்துக் காவல் பிரிவுக்குத் தெரிவிக்கச் சொல்லலாம். மோட்டார் வாகனச் சட்டம் 177-ஆம் பிரிவின் பொது அபராதம் முதல் தடவை 500 ரூபாய், அடுத்தடுத்து 1,500 ரூபாய் வரை. தனியார் வளாகத்துக்குள் காவலர் தலையிடத் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். அங்கே பொறுப்பு வளாகத்தை நடத்துபவருடையது. அவரைத்தான் பிடிக்க வேண்டும்.

6. புகார்: எந்த மாநிலத்துக்கு?

நீங்கள் எங்கே வசிக்கிறீர்கள் என்பது முக்கியமில்லை. பார்க்கிங் இடம் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அங்கேதான் புகார். நான் முதல் புகாரை நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கொடுத்தேன். நல்லபடியாகப் பேசினார்கள். ஆனால் திருவனந்தபுரத்துக் கட்டடத்தின்மீது அவர்களுக்கு அதிகாரம் இல்லை. இரண்டு மாதம் வீண்.

வரிசை இதுதான். முதலில் நிர்வாகத்துக்கு எழுத்தில், தேதியோடு, புகைப்படத்தோடு ஒரு கடிதம். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்குங்கள். பதினைந்து நாளில் பதில் இல்லையென்றால் மாநகராட்சி அல்லது நகராட்சிக்கு. அதிலும் நகரவில்லை என்றால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு. இரண்டு மாநிலத்திலும் அப்படி ஓர் ஆணையர் இருக்கிறார். அவருக்குப் புகார் அனுப்பக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. பதிவுத் தபால் செலவு மட்டும்தான். அவர் பரிந்துரை அனுப்பினால், அதைப் பெற்றவர் எடுத்த நடவடிக்கையை மூன்று மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும்.

கடிதத்தில் உணர்ச்சியைக் குறைத்து அளவுகளை எழுதுங்கள். நான் டேப் வைத்து அளந்தேன். 3.6 மீட்டர் இருக்க வேண்டிய இடம் 2.4 மீட்டர்தான் இருந்தது. வாசலிலிருந்து 30 மீட்டருக்குள் இருக்க வேண்டியது அறுபதைத் தாண்டியிருந்தது. "சார், நாங்கள் மிகவும் கஷ்டப்படுகிறோம்" என்று எழுதிய முதல் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. இந்த இரண்டு எண்களை எழுதிய கடிதத்துக்கு ஒன்பதாம் நாள் தொலைபேசி வந்தது.

"இது பழைய கட்டடம்" என்பார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் விதிகள் 2017 ஜூனில் வந்தன. ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களைச் சீராக்கச் சட்டம் தந்த காலம் ஐந்து ஆண்டு. அரசோ தனியாரோ, சேவை தருபவர்களுக்குத் தந்தது இரண்டு ஆண்டு. இரண்டும் முடிந்துவிட்டன. புதுக் கட்டடம் என்றால், தரங்களைப் பின்பற்றாமல் நிறைவுச் சான்றிதழே தரக் கூடாது என்கிறது பிரிவு 44. சட்டத்தை மீறுவோருக்கு பிரிவு 89-இன்படி முதல் தடவை 10,000 ரூபாய் வரை, மீண்டும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று சொல்லியிருக்கிறது. இவற்றில் பொருந்துவதை மட்டும் ஒரு பத்தியாக எழுதுங்கள், எல்லாவற்றையும் கொட்ட வேண்டாம்.

பதில் வராவிட்டால் அந்த மாநகராட்சியிலோ நகராட்சியிலோ தகவல் உரிமை மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. பதில் தரக் காலம் 30 நாள். கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: அந்தக் கட்டடத்தின் அனுமதிக்கப்பட்ட வரைபடத்தில் மாற்றுத்திறனாளி பார்க்கிங் எங்கே, எத்தனை? வரைபடத்தில் இருப்பதும் தரையில் இருப்பதும் வேறுவேறாக இருந்தால் உங்கள் வேலை முடிந்தது. ஒரு பொறி: தமிழ்நாட்டு நீதிமன்றக் கட்டண வில்லையைக் கேரள மனுவில் ஒட்டினால் செல்லாது. நான் அலுவலகத்திலேயே ரொக்கமாகக் கட்டி ரசீது வாங்கினேன். மனுவை மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ எழுதுங்கள்.

7. நம் வீட்டிலேயே நடக்கும் தவறு

இதை எழுதக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். என் தம்பி ஒருநாள் எங்கள் காரை எடுத்துக்கொண்டு ஜவுளிக்கடைக்குப் போனான். கண்ணாடியில் அத்தானின் அட்டை இருந்ததால் ஒதுக்கப்பட்ட இடத்தில் நிறுத்தியிருக்கிறான். அத்தான் வீட்டில் இருந்தார். "இடம் காலியாகத்தானே இருந்தது அக்கா" என்றான். எங்கள் இடத்தில் நிறுத்திய ஒவ்வொருவரும் என்னிடம் சொன்னதும் இதே வார்த்தைதான்.

அட்டை வண்டிக்குரியது இல்லை, ஆளுக்குரியது. அவர் வண்டியில் இல்லாதபோது அந்த இடம் நமக்கு இல்லை. மாற்றுத்திறனாளிக்கான சலுகையை மோசடியாகப் பயன்படுத்தினால் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பிரிவு 91-இன்படி இரண்டு ஆண்டு வரை சிறையோ, 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். அதைவிட, ஒரு காவலாளி ஒருமுறை ஏமாந்தால் அடுத்து வரும் உண்மையான நோயாளியைச் சந்தேகிப்பார். அன்றிலிருந்து லேமினேட் நகல் என் கைப்பையில் இருக்கிறது. அவர் வண்டியில் ஏறும்போது கண்ணாடியில் வைக்கிறேன், அவர் இறங்கி வீட்டுக்குள் போனதும் எடுத்துவிடுகிறேன். இறக்கிவிட்டு வெளியே வேலையாகப் போவதாக இருந்தால் இடத்தை விட்டு வண்டியை எடுத்துவிடுங்கள். அரை நாள் அங்கேயே போட்டுவைக்காதீர்கள்.

நான் புகார் எழுதிய அந்த மருத்துவமனையில் இப்போது இரண்டு இடங்களை அகலப்படுத்தி, குறுக்கே ஒரு சங்கிலி கட்டி, பூட்டுச் சாவியைக் காவலாளியிடம் கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் போகும் இடத்திலும் சங்கிலி கேளுங்கள், வண்ணம் பூசுவதைவிட அதற்குப் பயன் அதிகம். பாறசாலை தாண்டும்போது அந்தக் காவலாளியை அழைத்து, "சேட்டா, ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவோம்" என்கிறேன். "வரூ சேச்சி" என்கிறார். நாங்கள் போய்ச் சேரும்போது சங்கிலி அவிழ்ந்து கிடக்கிறது.